எரிகோவின் பத்தாவது பாட்டு

அத்தியாயம் 14

தேவசகாயத்தைப் போன வாரம் மனசுக்குள் திட்டியவர்கள் அவரைக் கொஞ்சம் மன்னித்துவிட வேண்டும். மனிதர் நல்லதைத்தான் நினைத்தார்.

ஞாயிறுதோறும் போதகரின் பிரசங்கத்தை டேப்பில் பிடித்து, கோயிலுக்கு வரமுடியாமல் படுத்துக் கிடப்பவர்களின் வீடுகளுக்கு டி.வி.எஸ். ஐம்பதில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவது அவருடைய ஊழியம். குருத்தோலை ஞாயிறன்று பார்த்து வெறும் கேசட் ஒன்றும் அகப்படவில்லை. பீரோவுக்கு மேலே மகன் சற்குணத்தின் பெட்டியில் கனமாக, பளபளப்பாக ஒன்று கிடந்தது. அது பாட்டுகளின் மூலப் பதிவு என்பதால், யாரும் தப்பித்தவறி அழித்துவிடக் கூடாது என்று அதன் மூலையிலிருந்த பிளாஸ்டிக் துண்டை மகன் உடைத்து வைத்திருந்தான். அந்த ஓட்டையில் காகிதத்தை மடித்து அடைத்தால் திரும்பப் பதிவு செய்யலாம் என்பது கேசட் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதானே? தேவசகாயமும் அடைத்தார். போதகர் "எனக்கன்பானவர்களே" என்று ஆரம்பித்து, கழுதைக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு எருசலேம் போய்ச் சேர்வதற்குள் கரண்டு போய்விட்டது. அந்தப் புண்ணியத்தில் ஒரே ஒரு பாட்டுதான் அழிந்தது.

அந்த ஒரு பாட்டு, 'பாதி வழி'.

'எரிகோ' பேண்டின் நாலு கேசட்டுகளையும் சேர்த்துத் தராசில் வைத்தாலும் 'பாதி வழி' இருக்கும் தட்டுதான் தாழும். பம்பு செட்டுக் கம்பெனியில் பகலெல்லாம் லேத்தில் நிற்கும் சற்குணம், சாயங்காலமானால் கிடாரை மாட்டிக்கொண்டு ராக் என்று ஆரம்பித்தது பத்து வருஷத்துக்கு முன்னால். எக்காளச் சத்தத்தில் எரிகோவின் மதில் விழுந்ததாக வேதத்தில் இருக்கிறதே, அந்தப் பெயரைப் பேண்டுக்கு வைத்தபோது, "நம்ம கோயில் செவுத்தை மட்டும் உட்டுவைங்கப்பா" என்று சபைப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இப்போது அதே பெரியவர்கள்தான் எரிகோ வாசிக்கும் கன்வென்ஷன் கூட்டத்துக்கு முதல் வரிசையில் இடம் பிடிக்கிறார்கள்.

ஒப்பணக்காரத் தெருவில் கேசட் கம்பெனி வைத்திருக்கும் சுந்தரராஜுலு, நாலு கேசட்டிலிருந்தும் நல்ல பாட்டாகப் பத்தைப் பொறுக்கி ஒரே கேசட்டாகப் போடலாம் என்று வந்தார். ஒன்பது பாட்டுக்குப் பழுதில்லை. பத்தாவது பாட்டைப் போட்டால் கழுதைக்குட்டி வந்தது. விற்ற கேசட்டுகளைத் தேடி வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாம் தேய்ந்து, கொசு பாடுகிற மாதிரி இருந்தது. திரும்பப் பாடிப் பதிவு செய்வதைத் தவிர வழியில்லை என்பதோடு போன வாரம் நிறுத்தினோம்.

பாடப்போவது யார் என்பதில்தான் இந்த வாரத்துச் சிக்கல்.

சனிக்கிழமை காலை உக்கடம் பஸ் ஸ்டாண்டில், பொள்ளாச்சி வண்டிகள் நிற்கும் பக்கமாக ஒரு தூணோரம் நின்றிருந்தாள் எப்சிபா. சற்குணத்தின் மனைவி. பெருந்துறையிலிருந்து பெரியநாயக்கன்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷமாகிறது.   கிணத்துக்கடவு பஸ்ஸில் நாத்தனார் செவ்வந்தி வந்துகொண்டிருந்தாள்.

'பாதி வழி'யைப் பாடியவள் செவ்வந்திதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முந்தி, எரிகோவின் முதல் கேசட்டில் பாடினாள். கல்யாணமாகிக் கிணத்துக்கடவு போனவளுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு எருமை, தேங்காய் நார் மில்லுக்குப் போகிற புருஷன் என்று பொழுது சரியாக இருந்தது. போன வருஷம் தைராய்டுக்காகக் கழுத்தில் ஆபரேஷன் வேறு. கிறிஸ்துமஸுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தபோது இதே பாட்டைப் பாடப்போய், உச்சத்தில் குரல் கிழிந்து, சிரித்து மழுப்பிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்படியில் அவள் முகத்தைப் பார்த்தவள் எப்சிபா ஒருத்திதான்.

அதனால்தான் புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது சற்குணம் சொன்னான்:

"அக்காளுக்குக் குரல் மேல போவாது எப்சி. நீயே பாடிரு."

எப்சிபா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பெருந்துறையில் அவள் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்தே இந்தப் பாட்டு அவளுக்குச் சொந்தம். டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே பாடிப் பாடித்தான் கோயில் கொயரில் சேர்ந்தாள். கொயரில் இருபது பேரோடு இருபத்தோராவது ஆள். எரிகோவின் நாலாவது கேசட்டோ அவள் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை, பட்டனை அமுக்கினால் தன் குரல் வரவேண்டும். அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஆசை அது ஒன்றுதான்.

"அண்ணிகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சனிக்கெழமை ரெக்கார்டிங், அக்காளை வரச் சொல்லுங்கன்னு அவங்க பக்கத்து ஊட்டு போன்ல சேதி சொல்லியிருக்கறேன். ஜெபம் பண்ண ஆள் வேணுமில்ல? வந்தாப் பொறவு பக்குவமாச் சொல்லிக்கலாம்."

ஆண்பிள்ளைகள் 'பக்குவமாச் சொல்லிக்கலாம்' என்றால் அதைச் சொல்லப்போவது யார் என்று கல்யாணமான பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை விடிந்ததும், ஸ்டூடியோவில் டிரம் செட்டை மாட்ட வேண்டுமென்று சற்குணம் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டான். "நீ போயி அக்காளைக் கூட்டிட்டு வந்துரு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான்.

கிணத்துக்கடவு பஸ் வந்தது. கூட்டத்தில் செவ்வந்தியைக் கண்டுபிடிக்க எப்சிபாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜூன் மாத வெயிலில் கழுத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருந்த ஆள் அந்த பஸ் ஸ்டாண்டிலேயே அவள் ஒருத்திதான். தோளில் ஒரு பை, கையில் பிளாஸ்க்.

"ஏனுங் அண்ணி, காச்சலுங்களா?"

செவ்வந்தி உதட்டில் விரலை வைத்தாள். பிறகு காதோரம் வந்து கிசுகிசுத்தாள்.

"பேசப்படாது கண்ணு. சேதி வந்ததுலருந்து தொண்டையைப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கறேன். உப்புத் தண்ணி, சித்தரத்தை, சுடுதண்ணி. எருமையக்கூட நான் அதட்டறதில்லை. உங்கண்ணன் ஊடே அமைதியாயிப் போச்சுன்னு சந்தோசமா இருக்கறாரு."

எப்சிபாவுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.  இந்த முகத்தை ஸ்டூடியோவரை இப்படியே கூட்டிக்கொண்டு போய், அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் வைத்து, 'உனக்குப் பாட்டு இல்லை' என்று சொல்வதா? அவளால் முடியாது.

"அண்ணி, வாங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்."

எதிரிலிருந்த பேக்கரியில் ஓரமாக ஒரு மேஜை கிடைத்தது. செவ்வந்தி தன் பிளாஸ்க்கையே திறந்து சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டாள். எப்சிபா டீயைத் தொடாமல் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. நீங்கள் பாடப்போவதில்லை, என்னைத்தான் பாடச் சொல்லியிருக்கிறார், ஜெபத்துக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டார் என்று மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

செவ்வந்தி தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் கீழே வைத்தாள்.

"இதச் சொல்ல அவனுக்கு வாயில்லையா?"

இப்போது கிசுகிசுப்பு இல்லை. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கிறிஸ்துமஸுக்கு நான் பாடுனது நெனப்புல இருக்குது போல. இருக்குமில்ல. எனக்கே இருக்குது." கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பப்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். உனக்குப் பாடோணும்னு ஆசையா இருக்குதா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அது பொய். பொய் சொல்வதற்கு அது நல்ல சந்தர்ப்பமும்கூட.

"ஆமாங் அண்ணி. ரொம்ப ஆசையா இருக்குதுங்."

செவ்வந்தி தலையை ஆட்டிக்கொண்டாள். மெதுவாக மஃப்ளரை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தாள். கழுத்தில் அந்தத் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"அப்பப் பாடு, அம்மணி. ஆசை இருக்கறவங்கதான் பாடோணும். ஏனுங் தம்பி," என்று பேக்கரிக்காரரைக் கூப்பிட்டாள், "நல்லா ஐஸ்ல வெச்ச கலர் ஒண்ணு குடுங். கூட ஒரு தேங்கா பன்னு. நாலு நாளா வாயக் கட்டிப்போட்டுக் கெடக்கறேன்."

ஜில்லென்ற கலர் சோடாவை அவள் ஒரே மூச்சில் குடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்த எப்சிபாவுக்கு, நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பாட்டு கைக்கு வந்துவிட்டது, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த டீ இறங்கவில்லை.

ஸ்டூடியோ ராம் நகரில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. சற்குணம் அக்காளைப் பார்த்ததும் கிடாரின் வயரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

"எல்லாம் எப்சி சொல்லிப்போட்டா. நீ நிமிந்து உன்ற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு, செவ்வந்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுந்தரராஜுலுவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பாட்டின் பல்லவியை ஊரில் தெரியாதவர்கள் இல்லை.

*பாதி வழி நான் வந்தேன் – மீதி வழி நீர் வாரும்*
*வீதியெல்லாம் இருட்டாச்சு – விளக்கேந்தி முன் வாரும்*

சற்குணம் எழுதியது இவ்வளவுதான். ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்தபோது, மைக்கைப் பார்த்த பயத்தில் செவ்வந்திக்கு இரண்டாவது அடி மறந்துபோயிற்று. 'மீதி வழி நீர் வாரும்' என்று பாடிவிட்டுத் தவித்துப்போய், வேறு வழியில்லாமல் 'மீதி வழி நீர் வாரும்' என்று இன்னொரு தடவை பாடினாள். அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது, மேலே போய்விட்டாள். எரிகோவில் எல்லாரும் ஒன்றாக நின்று வாசித்து ஒரே மூச்சில் பதிவு செய்வதுதான் வழக்கம். திரும்ப எடுக்க ஸ்டூடியோவில் நேரம் இல்லை. தப்பு தப்பாகவே கேசட்டில் போயிற்று. அன்றிலிருந்து மேட்டுப்பாளையம் முதல் பொள்ளாச்சி வரை எல்லாச் சபைகளிலும் அந்த இடத்தை இரண்டு தடவைதான் பாடுகிறார்கள். சற்குணத்துக்கு அது பல்லில் சிக்கிய நார். எட்டு வருஷமாகக் குத்திக்கொண்டே இருந்தது.

"எப்சி, எழுதியிருக்கறபடி ஒரு தடவைதான். இந்தக் கேசட்டுலயாச்சும் சரியா இருக்கட்டும்" என்றான்.

டிரம் அடிக்கும் பிரவின்குமார் குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். கிடார் மெதுவாகத் தொடங்கியது. எப்சிபா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

நன்றாகப் பாடினாள். நான் அவள் பக்கம் என்பதற்காகச் சொல்லவில்லை. சுருதி ஒரு நூல்கூட விலகவில்லை. உச்சிக்குப் போகிற இடத்தில் டிரம்மும் கிடாரும் ஒன்றாக வெடிக்கும்போதுகூட அவள் குரல் மேலே தெளிவாக நின்றது. 'மீதி வழி' ஒரு தடவை. அடுத்த அடி. முடிந்தது.

சற்குணம் கிடாரைத் தூக்கிக்கொண்டே குதித்தான். "இது! இதுதான் நான் எழுதுன பாட்டு!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுந்தரராஜுலுவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"அம்மணி குரல் கண்ணாடியாட்டம் இருக்குதுங்க. ஆனாப் பாட்டுல என்னமோ கொறையுதுங்களே?"

"கொறையலீங்க. இப்பத்தான் சரியா இருக்குதுங்க" என்றான் சற்குணம்.

"சரியா இருக்கலாமுங்க. எங்க தெருவுல காய் விக்கற பழனியாத்தாள்கூட 'மீதி வழி'ய ரெண்டு தடவைதான் பாடிட்டுப் போவுது. அது இல்லாட்டி, வேற பாட்டுன்னு நெனச்சுப் போடுவாங்க."

"அண்ணா, எனக்கும் அந்த எடத்துல கை நின்னு போச்சுங்ணா" என்றான் பிரவின்குமார், அடிக்குப் பயந்தவன் மாதிரி டிரம்முக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு.

சற்குணம் முனகினான். கடைசியில் சரி என்றான். திரும்ப வாசித்தார்கள். எப்சிபா இந்தத் தடவை 'மீதி வழி நீர் வாரும்' என்பதை இரண்டு தடவை பாடினாள்.

பாடும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஹெட்போனில் அவள் குரல்தான் வந்தது, ஆசைப்பட்டபடி, அழகாக. ஆனால் அந்த இரண்டாவது தடவை வெறும் இரண்டாவது தடவையாக இருந்தது. பெருந்துறையில் டூ-இன்-ஒன் முன்னால் உட்கார்ந்து ஆயிரம் தடவை கேட்டவளுக்குத் தெரியாதா? செவ்வந்தி முதல் தடவை பாட்டைப் பாடுவாள், இரண்டாவது தடவை உண்மையாகவே கூப்பிடுவாள். வழி தெரியாமல் நின்ற ஒரு பெண் கூப்பிட்ட கூப்பாடு அது. அதற்காகத்தான் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் அதைப் பாடினார்கள். அதற்காகத்தான் தானும் பாடப் பழகினாள்.

கண்ணாடிக்கு அப்பால் செவ்வந்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

எப்சிபாவுக்குக் கோபம் வந்தது. நாத்தனார் மேல், புருஷன் மேல், காகிதத்தை மடித்து அடைத்த மாமனார் மேல். இவ்வளவு பக்கத்தில் வந்த பிறகு ஏன் தன் காதுக்கு இது கேட்க வேண்டும்? பேசாமல் இருந்துவிட்டால் இந்தப் பதிவே கேசட்டாகிவிடும். யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அப்படி இருந்துவிடலாம் என்று அவள் மெய்யாகவே நினைத்தாள்.

பிறகு ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஏனுங், அண்ணி ஒருக்காப் பாடிப் பாக்கட்டுமுங்."

"எப்சி, அவளுக்கு மேல..."

"மேல போவாட்டிப் பாட்டைக் கீழ எறக்குங்க. குரலைத்தான் ஏத்தோணுமா? கிடாரை எறக்கப்படாதா?"

சற்குணம் வாயைத் திறந்து மூடினான். பத்து வருஷ இசை வாழ்க்கையில் அவனுக்கு அது தோன்றவே இல்லை. எரிகோவில் எல்லாம் ஏறித்தான் பழக்கம், இறங்கிப் பழக்கமில்லை.

செவ்வந்தியை உள்ளே கூட்டிவருவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. "கலரு வேற குடிச்சுத் தொலைச்சுட்டனே! ஐஸ்ல வெச்சது!" என்று கதவைப் பிடித்துக்கொண்டு புலம்பினாள். பிளாஸ்க்கில் மிச்சமிருந்த சுடுதண்ணீரை எப்சிபா ஊற்றிக் கொடுத்தாள். சற்குணம் புதிய சுருதிக்கு விரல்களை இங்கேயும் அங்கேயும் வைத்துப் பார்த்தான். பிரவின்குமார் குச்சிகளை வைத்துவிட்டுத் துணி கட்டிய கட்டையை எடுத்தான்.

செவ்வந்தி பாடினாள். அது எட்டு வருஷத்துக்கு முந்திய குரல் இல்லை. தடித்துப் போயிருந்தது, ஓரங்களில் சொரசொரப்பு இருந்தது. கேசட்டில் இருந்த பெண் வழியில் பாதியை எங்கேயோ கேள்விப்பட்டுப் பாடியவள். இவள் அந்தப் பாதியை நடந்து வந்தவள். 'மீதி வழி நீர் வாரும்' என்று ஒரு தடவை சொன்னாள். நிறுத்தினாள். கிடார் காத்திருந்தது. இரண்டாவது தடவை கிட்டத்தட்டப் பேசுகிற குரலில், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

 சற்குணம் கிடார் பெடலைச் சரிசெய்ய மறுபடியும் குனிந்துகொண்டான். இந்தத் தடவை நிமிர ரொம்ப நேரமாயிற்று.

"போதுமுங்க. இன்னொண்ணு எடுக்க வேண்டியதில்லை" என்றது ஸ்பீக்கர்.

செவ்வந்தி ஓடிவந்து எப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.    எப்சிபாவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

வயர்களைச் சுற்றி மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, மாடிப்படிக்குப் பக்கத்தில் தண்ணீர் குடிக்கப் போனாள் எப்சிபா. சுந்தரராஜுலு பின்னாலேயே வந்தார்.

"அம்மணி, தப்பா நெனைக்கப்படாது. ஒரு சேதி."

"சொல்லுங்."

"ஆடிக்கு மாரியம்மன் பாட்டுக் கேசட் ஒண்ணு போடறமுங்க. பாட வேண்டிய பொண்ணுக்கு மஞ்சக்காமாலை. வியாழக்கெழமை ரெக்கார்டிங் வெச்சிருக்குது. நேத்துவரைக்கும் ஆள் கெடைக்காம முழிச்சுட்டிருந்தேன். இன்னைக்கு உங்க குரலைக் கேட்டதும் மனசுல வேற ஆளே நிக்கலீங்க."

எப்சிபா தம்ளரைக் கீழே வைத்தாள். "நாங்க வேதக்காரங்களுங்க."

"தெரியாமயா கேக்கறேன்? எங்ககிட்ட முருகனுக்குப் பாடறவரு ஒரு பாய் ஊட்டுத் தம்பிங்க. மாதா பாட்டுப் பாடறது அக்ரகாரத்து அம்மணி. மைக்குக்கு அதெல்லாந் தெரியாதுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு பாட்டில்லீங்க. ரெண்டு பக்கமும், கேசட்டு பூராவும் உங்க குரல்தான். பேரு மட்டும் வேற போட்டுக்கலாமுங்க. எப்சிபான்னு போட்டா, மாரியம்மன் கேசட்டுல கொஞ்சம் இடிக்கும்."

கேசட் பூராவும். பட்டனை அமுக்கினால் அரை மணி நேரம், திருப்பிப் போட்டால் இன்னும் அரை மணி நேரம்.

"எப்சி! வண்டி வந்துருச்சு, வெசயா வா!" என்று கீழேயிருந்து சற்குணம் கத்தினான்.

"அவசரமில்லீங்க. செவ்வாக்கெழமைக்குள்ள சொன்னாப் போதும்" என்றார் சுந்தரராஜுலு. எப்சிபா படியிறங்கிப் போனாள். நாலு படி இறங்கிய பிறகுதான், தான் ஒரு பதிலும் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

வீட்டில் தேவசகாயம் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் செவ்வந்தி வந்ததும் வராததுமாகக் கொட்டினாள். பேக்கரி, கலர், கிடாரை இறக்கியது, ஒன்றையும் விடவில்லை. "எப்சி ஒருத்தி வாயத் தொறக்காட்டி நான் இன்னைக்கும் அடுப்படிக்குத்தான் போயிருப்பேன் அப்பா. பாடோணும்னு ஆசைப்பட்ட புள்ள, கைக்கு வந்ததை எடுத்து எங்கையில குடுத்துப்போட்டா."

ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் கிடந்த தேவசகாயம் அன்று மூன்று தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சற்குணம் கிடாரை எடுத்து, இறங்கிய சுருதியில் இன்னும் எந்தெந்தப் பாட்டை வாசிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். செவ்வந்தி பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினாள். வீடு நிறைந்திருந்தது. எப்சிபாவும் அந்த நிறைவுக்குள்தான் இருந்தாள். இருந்தாலும் உள்ளே ஓர் ஓரமாக சுந்தரராஜுலு சொன்ன கேசட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

குடும்ப ஜெபத்துக்கு எல்லாரும் பாயில் முழங்கால் போட்டார்கள். தேவசகாயம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அழிந்ததைத் திரும்பக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம், மகளின் குரலுக்கு ஸ்தோத்திரம் என்று வரிசையாகப் போனவர், ஓரிடத்தில் நின்றார். குரல் இளகியது.

"எங்கள் மருமகளுக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம், கர்த்தாவே. தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் விட்டுக்கொடுத்த பிள்ளை. அவளுக்கு நீர் கொடுத்த குரலை, வேறொன்றுக்கும் போகாதபடி, உமது நாமத்துக்கென்றே பிரித்தெடுத்துக் காத்துக்கொள்ளும்."

"ஆமென்" என்றான் சற்குணம். "ஆமென்" என்றாள் செவ்வந்தி, பக்கத்தில் இருந்த எப்சிபாவின் தோளைத் தொட்டு.

எப்சிபாவுக்கும் அந்த ஆமென் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.